தீவகத்து இறாற் கறியும் ஸ்பானிய உலகும்

1619ஆம் ஆண்டிலே பிலிப் தெ ஒலிவேரா என்னும் போர்த்துக்கீசத் தளபதி நல்லூர் அரசை வீழ்த்திச் சங்கிலி குமாரனைச் சிறைசெய்தான். அக்காலத்திலே போர்த்துக்கல் நாட்டுக்கெனத் தனியரசன் ஒருவன் இருந்திலன். 1580ஆம் ஆண்டு தொடக்கம் 1640ஆம் ஆண்டு வரையும் ஸ்பானிய மன்னரே போர்த்துக்கல்லின் முடியையும் தரித்திருந்தனர். ஆகவே, யாழ்ப்பாணம் பறங்கியர் கைப்பட்ட நாளில் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும், மெக்சிக்கோவுக்கும் பெருவுக்கும், கீழ்க்கடலிலுள்ள மணிலாவுக்கும் மேலரசராய் அமைந்தவர் மூன்றாம் பிலிப் என்னும் ஒருவரே. இந்நிலை இருபத்தோராண்டுகள் நீடித்தது.

எனினும் ஸ்பானியர் தம் படையுடனோ பண்டத்துடனோ நம் தீவகத்துக்கு வந்தாரல்லர். இரு முடிகளும் ஒன்றானபோது, போர்த்துக்கல்லின் கடல்கடந்த நிலங்களைப் போர்த்துக்கீசரே நிருவகித்தல் வேண்டும் என்னும் உடன்பாடு செய்யப்பட்டிருந்தது. ஆதலின் ஸ்பானியரின் கோட்டையோ கல்வெட்டோ ஈண்டு இல்லை. ஆனால், அவர்தம் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்திற் கண்டெடுத்த ஒரு பொருள் நம் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து, இன்று அஃதில்லாமற் கறியே இல்லை என்னும்படி நிலைபெற்றுவிட்டது. அப்பொருள் மிளகாய். தீவகத்தின் இறாற் கறியை முன்வைத்து, அது வந்த வழியையும், நம்மவர் அதனை ஏற்ற முறையையும், அதே இறாலை ஸ்பானிய மொழி வழங்கும் நாட்டார் சமைக்கும் வகையையும் ஒப்புநோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் ஆராய்ச்சிக்கு உரியதோ?

சைவ மரபிலே தழைத்த கல்விக்கழகம் ஒன்றின் மலரிலே மச்ச உணவைப் பற்றி எழுதுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். மரக்கறியுணவைச் ‘சைவம்’ என்றே வழங்கும் நாடு நமது நாடு. புலால் மறுத்தலை நாவலர் பெருமான் வலியுறுத்திய மண்ணும் இதுவே. அம்மரபின் பெருமையைக் குறைத்தல் நம் கருத்தன்று. ஆயினும், ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாட்டு மக்கள் யாவரையும் கணக்கிற்கொள்ளுதல் வேண்டும். மன்னர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் நம் ஏடுகளில் நிரம்ப உள்ளன. ஆழமற்ற பரவைக்கடலில் இரவு முழுவதும் நின்று வலையிழுத்தவனும், விடிந்தபின் அவன் கொணர்ந்ததை அம்மியிலரைத்த கூட்டோடு சட்டியிலேற்றியவளும் அவ்வேடுகளில் இடம்பெற்றாரல்லர். அவர்கள் எழுதிவைத்த சாசனம் ஒன்றே, அது சமையல். அதனைப் படித்தலும் வரலாற்று மாணவன் கடனே.

தீவகமும் அதன் கடலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகள் பண்டைக்காலம் முதல் கடல்வழிப் போக்குவரவின் வாயில்களாய் விளங்கின. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153–1186) பொறிப்பித்த தமிழ்ச் சாசனம் ஒன்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே உள்ளது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்குதல் வேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அது கூறுகின்றது. யானை, குதிரை ஏற்றிய மரக்கலம் உடைந்தால் அவற்றின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியன. ஏனைய வாணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி என்பது அதன் விதி. ஊராத்துறையே இன்று ஊர்காவற்றுறை என வழங்குவது. போர்த்துக்கீசர் அதனைத் தம் மொழியில் துறைமேடையைக் குறிக்கும் ‘கைஸ்’ என்னும் சொல்லால் அழைத்தனர். அதுவே ‘கயிற்ஸ்’ எனத் திரிந்து நின்றது. நெடுந்தீவைப் பசுத்தீவு எனப் பொருள்படும் பெயரால் அவர்கள் குறித்தனர். 1658ஆம் ஆண்டிலே அவரை வென்று வந்த ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களை நினைந்து, ஊர்காவற்றுறை அமைந்த தீவை லைடன் என்றும், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், நெடுந்தீவை டெல்வ்ற் என்றும் பெயரிட்டனர். அவற்றுள் டெல்வ்ற் என்னும் பெயரே ஆங்கில வழக்கிற் பெரிதும் நிலைத்தது.

இத்தீவுகளுக்கும் குடாநாட்டுக்கும் இடைப்பட்ட கடல் ஆழங்குறைந்தது, கடற்றாழைகள் படர்ந்தது. இத்தகைய நீர்நிலையே இறாலுக்கு வளர்ப்பகம். தாயிறால் ஆழ்கடலில் முட்டையிடும். குஞ்சுகள் நீரோட்டத்தோடு பரவைக்கடலுள் வந்து, தாழைகளுக்கிடையே இரைதேடி வளர்ந்து, பின்னர் மீண்டும் ஆழ்கடலை நாடும். பல இனங்கள் பகலிலே சேற்றிலும் மணலிலும் புதைந்திருந்து இரவிலே வெளிப்படுவன. இவ்வியல்பை நம் கடற்றொழிலாளர் நூல் கற்று அறிந்தாரல்லர். தலைமுறை தலைமுறையாய்க் கண்டு அறிந்தனர். வற்றுப் பெருக்கின் போக்கையும் நிலவின் வளர்தேய்வையும் கணித்து, வீச்சுவலையாலும், நீரோட்டத்துக்கு எதிரே நாட்டிய சிறகுவலையாலும், களங்கண்டியாலும் அவர்கள் தொழில் செய்தனர். வெள்ளையிறாலும் கறுப்பிறாலும் சந்தைக்குப் போகும். கூனி எனப்படும் சிற்றிறால் காயவைக்கப்பட்டு மாரிகாலத்துக்குச் சேமிக்கப்படும்.

இறாலைத் தமிழர் பன்னெடுங்காலமாய் அறிவர். சங்கத்து நெய்தற் பாட்டுகளிலே அது ‘இறவு’ எனவும் ‘இறா’ எனவும் வழங்கப்படுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து அங்காடியிற் குவிந்த பொருள்களுள் ஈழத்து உணவையும் ஒன்றாகப் பட்டினப்பாலை எண்ணுகின்றது. ஆனால் அக்காலத்துச் சமையலிலே காரத்துக்கு முதன்மையாய் நின்றது மிளகே.

மிளகும் மிளகாயும்

மிளகைச் சங்க நூல்கள் ‘கறி’ என வழங்கின. அம்மிளகைத் தேடியே ஐரோப்பியர் கடலிற் புறப்பட்டனர். மேற்கே சென்ற கொலம்பஸ் இந்தியாவைக் காணாது கரீபியன் தீவுகளைக் கண்டார். 1493ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துத் தினக்குறிப்பிலே, அத்தீவினர் உண்ணும் ‘ஆஹி’ என்னும் காரப்பொருள் மிளகினும் மேலானது என்னும் கருத்தை அவர் பதிந்துள்ளார். கிழக்கே வந்த வாஸ்கோ ட காமா 1498ஆம் ஆண்டிற் கோழிக்கோட்டை அடைந்து உண்மையான மிளகையே கண்டார். இவ்விரு வழிகளும் அடுத்த நூற்றாண்டிலே ஒன்றோடொன்று இணைந்தன. பிரேசிலும் கோவாவும் போர்த்துக்கீசர் கையில் இருந்தமையால், அமெரிக்கக் காரம் இந்தியக் கரைகளை 16ஆம் நூற்றாண்டிலேயே எட்டிற்று.

புதிதாய் வந்த காய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் ஆராயத்தக்கது. மிளகுபோலக் காரமுடைய காய் ஆதலின் ‘மிளகாய்’ என்றனர். ஸ்பானியரும் இவ்வாறே செய்தனர். அவர் மொழியிலே மிளகுக்குப் ‘பிமியெந்தா’ என்று பெயர். அதனைச் சிறிதே திரித்துப் புதிய காயைப் ‘பிமியெந்தோ’ என்றனர். சிங்களத்திலும் முன்பு மிளகைக் குறித்த ‘மிரிஸ்’ என்னும் சொல்லை மிளகாய் கவர்ந்துகொள்ள, மிளகு ‘கம்மிரிஸ்’ ஆயிற்று. மூன்று மொழியினரும் தெரியாத பொருளுக்குத் தெரிந்த பொருளின் பெயரையே சூட்டினர். ஈழத்திற் சில பகுதிகளில் வழங்கும் ‘கொச்சிக்காய்’ என்னும் பெயரோ கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டி நிற்கின்றது.

மிளகாய்க்கு முற்பட்ட சமையல் எவ்வாறு இருந்தது என்பதற்கு ஒரு சான்று நம் வீடுகளிலேயே உள்ளது. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கும் சரக்குக் கறியிலே மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு ஆகியனவே அரைத்துச் சேர்க்கப்படும், மிளகாய் விலக்கப்படும். அப்பத்தியத்தில் கிரந்தி எனக் கருதி இறாலையும் விலக்குவர். பத்திய விலக்குக்கு மருத்துவக் காரணம் உண்டென்பது மெய்யே. ஆயினும், புதுப்பொருள் நாடோறும் உண்ணும் கறிக்குள் விரைவிற் புகும்; சடங்கும் மருந்தும் சார்ந்த உணவுக்குள் எளிதிற் புகாது. எனவே சரக்குக் கறியைப் பழஞ்சமையலின் எச்சம் எனக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

சொற்கள் கூறும் சான்று

போர்த்துக்கீச மொழியும் ஸ்பானிய மொழியும் உடன்பிறந்தவை. ஆகையால் யாழ்ப்பாணத் தமிழர் போர்த்துக்கீசரிடம் பெற்ற சொற்கள் பலவற்றை ஸ்பானியனும் இனங்காண்பான். நம் மேசை அவனுக்கு ‘மேசா’; நம் பாண் அவனுக்குப் ‘பான்’; நம் வினாகிரி அவனுக்கு ‘வினாக்ரே’; நம் குசினி அவனுக்குக் ‘கொசினா’. கொய்யா, பப்பாசி என்னும் பழங்களின் பெயர்களோ அமெரிக்கப் பழங்குடிகளின் வாயிற் பிறந்து, ஐரோப்பியர் நாவில் ஏறி, நம் முற்றத்து மரத்தில் வந்து தங்கியவை.

இவ்விடத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. குசினி என்னும் அறையின் பெயர் அந்நியமானது. அவ்வறையினுள்ளே இருப்பனவற்றின் பெயர்கள் அந்நியமானவையல்ல. அடுப்பு, அம்மி, சட்டி, அகப்பை, உலைமூடி யாவும் தமிழே. குழம்பு, வறை, பிரட்டல், தீயல், சொதி, கூழ் என்னும் கறிவகைப் பெயர்களுள் ஒன்றேனும் ஐரோப்பியச் சொல்லன்று. கோவாவிலே இறாலை வினாகிரியிலும் மிளகாயிலும் ஊறவைத்துச் செய்யும் ‘பல்சாவோ’ என்னும் ஊறுகறி நிலைபெற்றது. தீவகத்துப் பெண்களோ புளிப்புக்குப் பழப்புளியையும் தேசிக்காயையும் விடவில்லை. ஆட்சியாளனின் பொருளை ஏற்றனர். அவன் முறையை ஏற்றிலர். கோட்டைகள் இடிந்தபின்னும் மிளகாய் எஞ்சியமைக்குக் காரணம், அது பறங்கியின் உணவாய் நிலைக்காது நம் உணவாய் மாறியமையே எனலாம்.

ஸ்பானிய மொழி நாடுகளின் இறாலுணவு

ஸ்பானியர் சிற்றிறாலைக் ‘கமரோன்’ என்பர். பேரிறாலைக் ‘காம்பா’ என்பர். இவ்விரு சொற்களும் இலத்தீன் மூலம் ஒன்றிலிருந்தே பிறந்தவை என்பர் மொழிநூலார். 15ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கீச மாலுமிகள் மேற்காபிரிக்க ஆறு ஒன்றுக்கு ‘இறாலாறு’ எனப் பொருள்படப் பெயரிட்டனர். அப்பெயரே இன்று கமரூன் என்னும் நாட்டின் பெயராயிற்று.

ஸ்பெயின் தேசத்திலே, மண்தட்டில் ஒலிவெண்ணெயைக் காய்ச்சி, உள்ளியையும் உலர்ந்த மிளகாயையும் இட்டு, அதில் இறாலைப் பொரித்தெடுப்பர். தென்கரையிலுள்ள காதிஸ் நகரத்தார் ஓடு நீக்காத சிற்றிறாலைக் கோதுமை மாவும் கடலை மாவும் கரைத்த கலவையிற் சேர்த்து மெல்லிய அடையாகப் பொரிப்பர். கொழும்புக் காலிமுகத்திடலில் விற்கும் இறால் வடையை உண்டவர்க்கு அது புதுமையாய்த் தோன்றாது. 1565ஆம் ஆண்டு முதல் 1898ஆம் ஆண்டு வரை ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன் தீவுகளிலும் ‘உகோய்’ என்னும் இறாலடை உண்டு. மெக்சிக்கோவிலே உலர்ந்த இறாலைப் பொடிசெய்து முட்டையோடு அடித்துப் பொரித்து, ஒருவகைக் கீரையுடனும் மிளகாய்க் கூட்டுடனும் சேர்த்து உண்பர். முருங்கையிலை வறைக்குள் கூனியைத் தூவும் நம்மூர்க் கைப்பழக்கத்துக்கு இது மிக நெருங்கியது. பெருவிலும் எக்குவடோரிலும் தேசிச்சாறு, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றில் மீனையும் இறாலையும் ஊறவைத்து உண்ணும் ‘செவிச்சே’ புகழ்பெற்றது.

நாம் பெற்றது மட்டுமன்று, கொடுத்ததும் உண்டு. 1565ஆம் ஆண்டு முதல் 1815ஆம் ஆண்டு வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோத் துறைக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. தென்னையும் மாவும் ஆசியாவிலிருந்து அவ்வழியே மெக்சிக்கோவை அடைந்தன. தென்னங்கள் இறக்கும் தொழிலும் பிலிப்பைன் மாலுமிகளால் மெக்சிக்கோவின் கொலிமாப் பகுதியிற் பரவி, ‘தூபா’ என்னும் பெயரோடு இன்றும் வழங்குகின்றது. எக்குவடோரின் எஸ்மெரால்தாஸ் கரையிலே தேங்காய்ப்பாலில் இறாலை வேகவைத்து ஆக்கும் ‘என்கொக்காதோ’ என்னும் கறி அப்பகுதியின் சிறப்புணவு. அதனை ஊர்காவற்றுறைத் தாய் ஒருத்தி சுவைத்துப் பார்ப்பாளாயின், இறாற் பாற்கறிக்குச் சற்றே உறைப்புக் குறைந்துவிட்டது என்று கூறுதல் கூடும். பிறநாட்டுணவு என்று தள்ளாள்.

கூழும் சூப்பேயும்

ஒப்புமை மிகத் தெளிவாய்ப் புலப்படுவது கூழிலே. பனங்கிழங்கை அவியாது பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்புநீரை வடித்தல் வேண்டும். ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை உலையிலிட்டு, அவை வெந்துவரும்போது மீன், நண்டு, இறால் என்பவற்றைச் சேர்ப்பர். பின்னர் அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் புளிக்கரைசலும் விட்டு, இறுதியில் மாக்கரைசலை ஊற்றித் துழாவித் தடிப்பாக இறக்குவர். சுற்றத்தார் கூடியிருந்து பனையோலைப் பிளாவில் அதனைக் குடிப்பர். நெல் விளைவு அரிதாயும் பனை மிகுந்தும் உள்ள தீவுகளிலே வறுமையும் அறிவும் சேர்ந்து கண்ட உணவு இது.

பெரு நாட்டின் அரக்கிப்பா நகரத்திலே ‘சூப்பே’ என்னும் தடித்த கஞ்சி உண்டு. மலையாறுகளிற் பிடிக்கும் இறாலோடு உருளைக்கிழங்கும் சோளமும் மிளகாயும் அதிற் சேரும். அவை அமெரிக்க மண்ணின் செல்வம். அரிசியும் பாலும் பாற்கட்டியும் சேரும். அவை ஸ்பானியர் கொண்டுசென்றவை. நம் கூழிலோ ஒடியலும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் ஆசிய மண்ணின் செல்வம். மிளகாயும், ஒல்லாந்தர் காலத்திலே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்த மரவள்ளியும் அமெரிக்கா தந்தவை. அங்கே பழையது இங்கே புதியது. இங்கே பழையது அங்கே புதியது. இரண்டிலும் இறால் மட்டும் அவ்வந்நாட்டு நீருக்கே உரியது. ஆண்டவர் மறைந்தனர், ஆளப்பட்டோர் தம் அறிவாலே ஆக்கிய கலவை இரு கரைகளிலும் நிலைத்தது.

நோன்பும் மச்சமும்

சமய ஒழுக்கமும் இறாலின் வரலாற்றிற் பங்குகொண்டது. கத்தோலிக்க திருச்சபை தவக்காலத்தும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சியை விலக்கிற்று, மீனை விலக்கவில்லை. அதனாலேயே மெக்சிக்கோவின் இறாலடை தவக்காலத்து உணவாய்ச் சிறந்தது. சைவரோ வெள்ளியிலும் விரத நாளிலும் மீனையும் சேர்த்தே விலக்குவர். தீவகத்திலே இவ்விரு சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். நாகபூஷணி அம்மனின் ஆனி உற்சவ காலத்திலே மச்சம் விலக்கும் சைவக் குடும்பங்களையும், தவக்காலத்தில் இறைச்சி விலக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களையும் ஒரே கடலே புரந்து வந்துள்ளது. விலக்கும் நாளும் பொருளும் வேறாயினும், உண்ணும் கறியின் பக்குவம் ஒன்றே.

இன்று நம் முன்னுள்ள கடமை

இவ்வரலாறு இன்னும் முடிந்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலே ஜப்பானும் அமெரிக்காவும் மிகுவிலை கொடுத்து இறாலை வாங்கத் தொடங்கவே, ஏழையின் சட்டியிலிருந்த இறால் ஏற்றுமதிப் பொருளாயிற்று. அதனைத் தேடிப் பாக்கு நீரிணையிலே இழுவைமடிகள் கடலின் அடித்தளத்தை வாரத் தொடங்கின. இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டில் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஸ்பானிய அமெரிக்காவிலும் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. எக்குவடோரிலே இறால் வளர்ப்புக் குளங்களுக்காகக் கண்டற்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. நம் நாட்டிலே சிலாபம், புத்தளம் பகுதிகளிலும் கண்டல் அழித்துக் குளங்கள் வெட்டப்பட்டன. 1990களில் வெண்புள்ளி நோய் பரவியமையால் அவற்றுட் பல கைவிடப்பட்டன. அமெரிக்கப் பசிபிக் கரைக்கு உரிய வெள்ளைக்கால் இறாலை வளர்க்க இந்திய அரசு 2009ஆம் ஆண்டில் இசைவளித்தது. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மிளகாய் வந்த திசையிலிருந்து இப்பொழுது இறாலே வந்து சேர்ந்துள்ளது.

ஆனால் இவ்விரு வருகைகளுக்கும் வேறுபாடு பெரிது. மிளகாய் வந்தபோது அதன் விதை தோட்டக்காரன் கைக்கும், அதன் காய் சமைப்பவள் கைக்கும் எட்டிற்று; அவர்கள் அதனைத் தமதாக்கினர். குளத்திறாலோ குஞ்சு முதல் தீன் வரை விலைக்கு வாங்கப்பட்டு, உறைபனிப் பெட்டியிற் பிறநாடு செல்வது. அதிலே நம் மக்களின் அறிவுக்கு இடம் சிறிது. வந்த பொருள் எத்தன்மைத்து என்பதினும், அது யார் கையிற் சேர்ந்தது என்பதே ஒரு நாட்டின் வாழ்வை முடிவுசெய்கின்றது.

1990ஆம் ஆண்டு முதல் தீவக மக்களுட் பெரும்பாலோர் போரினால் இடம்பெயர்ந்தனர். பலர் மீண்டும் வந்திலர். அவர்தம் மக்கள் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். வெளியூரிலே ஒடியல் மாவைப் பொதியில் வாங்கிக் கூழ் காய்ச்சுவோர் உளர். ஆயினும் எந்தக் காற்றுக்கு எந்தக் களத்தில் இறால் படும், எந்த மாதத்துக் கூனி காயவைக்கத் தக்கது, ஒடியலின் கசப்பை எத்தனை நீரில் வடிப்பது என்னும் அறிவு பொதியில் வருவதன்று. அது வேலணையிலும் நெடுந்தீவிலும் அனலைதீவிலும் முதியோர் சிலரிடத்தே எஞ்சியிருக்கின்றது.

நம் மாணவர் விடுமுறைக் காலத்திலே தத்தம் ஊர்ப் பாட்டியரையும் கடற்றொழிலாளரையும் அணுகி, அவர் கூறும் வலையின் பெயர், காற்றின் பெயர், கறியின் பக்குவம் யாவற்றையும் அவர்தம் சொற்களிலேயே எழுதிவைத்தல் வேண்டும். ஆசிரியர் அவற்றைத் தொகுத்தல் வேண்டும். பழைய மாணவர் தாம் வாழும் நாடுகளிலுள்ள ஒத்த வழக்கங்களைக் குறித்தனுப்புதல் வேண்டும். பறங்கியரின் வெற்றியைப் பறங்கியரே நூலாய் எழுதிவைத்தனர். அவ்வெற்றியின் எச்சத்தைத் தமதாக்கிக்கொண்ட நம் அன்னையரின் வெற்றியை எழுதவேண்டியோர் நாமே.